கொனெக்டிங் ரொட் வாங்கப் போகிறவருக்குச் சில யோசனைகள்

கண்டியில் எஞ்சினை இறக்கிவிட்டீர்கள் என்றால், முதல் வேலையாக அதை நாலு பேரிடம் சொல்லுங்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கும் பேராதனைக்கும் இடையில் கொனெக்டிங் ரொட் பற்றித் தெரிந்தவர்கள் இத்தனை பேரா என்று அப்போதுதான் புரியும். தேத்தண்ணிக் கடைக்காரர் சொல்வார், மனைவியின் சித்தப்பா சொல்வார், குட்ஷெட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற யாரோ ஒருவரும் சொல்வார். ஒரே நிபந்தனை: இவர்களில் ஒருவரும் உங்கள் கிராங்கைக் கண்ணால் கண்டிருக்கக் கூடாது. கண்டவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும், சந்தேகம் வந்தால் மைக்ரோமீற்றர் தேடுவார்கள், பிறகு பேச்சில் சுவை இருக்காது.

எஞ்சினைப் பிரிக்க நல்ல நேரம் எசல பெரஹெராவுக்கு முதல் நாள். பின்னேரமானதும் டவுன் வீதிகளை மூடிவிடுவார்கள். லேத்துக்குப் போன பொடியன் வந்து சேரமாட்டான். கராஜ் பாஸுக்கும் உங்களுக்கும் பேச நிறைய அவகாசம் கிடைக்கும்.

உங்களுடையது மொரிஸ் மைனர் என்று வைத்துக்கொள்வோம். மலைநாட்டில் அது இன்னும் ஓடுகிறது, விலையும் ஏறிக்கொண்டே போகிறது. கடையில் முதலாளி ஒரு ரொட்டை எடுத்து, உங்கள் பழைய ரொட்டின் மேல் வைத்துக் காட்டுவார். இரண்டு துளைகளும் அச்சொட்டாக ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். "பாருங்க தம்பி, அப்படியே இருக்கு." உடனே காசை எண்ணிக் கொடுத்துவிடுங்கள், மேற்கொண்டு ஒன்றும் கேட்கக் கூடாது. கேட்டால் தேவையில்லாத விஷயங்கள் வெளியே வரும். மைனரில் 1952இல் வந்த 803 சீசீ, 1956இன் 948, 1962இன் 1098 மூன்றும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள். மூன்றிலும் ரொட்டின் நடுவுக்கு நடு நீளம் ஐந்தே முக்கால் அங்குலம்தான். ஆகவே மேலே வைத்துப் பார்த்தால் எதுவும் எதற்கும் சரிதான். ஆனால் 803இன் கிராங் ஜேர்னல் ஒன்றும் பதினாறில் ஏழும் அங்குலம். 948இல் அது ஒன்றும் எட்டில் ஐந்தும். வித்தியாசம் கிட்டத்தட்ட 5 மில்லிமீற்றர். மேல்முனையிலோ வேறு கதை: 803இலும் 948இலும் கஜன் பின்னை ஒரு போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும், 1098இல் பின் புஷ்ஷுக்குள் தாராளமாகச் சுழலும், இரு பக்கமும் சேர்க்ளிப் காவல். நீளத்தை மட்டும் பார்த்து வாங்கியவர் வீட்டுக்குப் போய் பிஸ்டனைக் கோக்கும்போதுதான் இந்தக் குடும்பச் சண்டை தெரியவரும்.

வாகனத்தின் புத்தகத்தில் 948 என்று எழுதியிருந்தால் அதை முழுமையாக நம்புங்கள். அறுபது வருஷத்தில் எத்தனை சொந்தக்காரர் மாறினார்கள், எவர் எந்த எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்தார் என்பதெல்லாம் வெறும் வதந்தி. பொனட்டைத் திறந்தால் நிசான் சனி எஞ்சின் உட்கார்ந்திருக்கும் மைனர்களும் உண்டு. எஞ்சின் நம்பரைத் துடைத்து வாசித்தால் கை அழுக்காகிவிடும்.

அடுத்து, எந்த ஊர்ச் சாமான்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழையதைத் திருத்தியே ஓடப் பழகிவிட்டோம். 2025இல் கதவு திறந்தபோது புதியதன் விலையைப் பார்த்துவிட்டுப் பலர் மறுபடி கராஜுக்கே வந்தார்கள். பஞ்சிகாவத்தைக்குப் போன் போட்டால் "ஜப்பான் பழசு இருக்கு, இந்தியன் புதுசு இருக்கு, சைனாவும் இருக்கு" என்பார்கள். பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம் கொழும்பு பஸ்ஸில், கொண்டக்டரின் காலடியில் வந்து சேரும். பெட்டி இருந்தால் பெட்டியின் நிறத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். வெளிநாட்டிலிருக்கும் மச்சான் பந்தயக்காருக்கான எச்-பீம் ரொட் அனுப்புகிறேன் என்றால் மறுக்க வேண்டாம். 37 குதிரைவலு எஞ்சினுக்கு அந்தக் கௌரவம் வாழ்நாளில் ஒருமுறைதானே கிடைக்கும்.

பாஸ் மட்டும் ஒரு தொல்லை செய்வார். கிராங்கை லேத்துக்கு அனுப்பி, ஜேர்னலை இரண்டு திசையில் அளப்பார், அது முட்டை வடிவாகத் தேய்ந்திருக்கிறதா என்று. தேய்ந்திருந்தால் 10 தவ், 20 தவ் (ஒரு தவ் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கடைந்து, அதற்கேற்ற தடித்த பெயாரிங் கேட்பார். ரொட்டில் தொப்பியைப் பூட்டி, போல்ட்டை உரிய டோர்க்குக்கு இறுக்கி, அதன் பிறகே உள்விட்டத்தை அளப்பார். ஜேர்னலின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு தவ் இடைவெளி என்பது அவர் கணக்கு; மைனருக்கு அது தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. அதற்குள்தான் எண்ணெய் நிற்க வேண்டும். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு நாளை வீணாக்குவதா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சிங்களத்தில் வரும், கொஞ்சம் காரமாக.

புதிது வாங்க மனமில்லாதவர்களுக்கு அக்குறணை வழி இருக்கிறது. பிங்கா ஓயா பெருகி ஏ9 வீதியில் தண்ணீர் ஏறும்போது, முன்னால் போன லொறி தாண்டிவிட்டதே என்று டொல்பின் வேனை இறக்குவோம். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, ஆகவே ரொட் வளையும். காயவைத்துத் திருப்பினால் சிலசமயம் எஞ்சின் ஓடும் என்பதுதான் விசேஷம். வளைந்த ரொட் சற்றுக் குட்டையாகிவிடுவதால் பிஸ்டன் உச்சிக்கு எட்டாது, கம்ப்ரெஷன் குறையும், பிஸ்டன் ஒரு பக்கமாகத் தேயும். அந்த ஒன்றை மட்டும் எடுத்து, கல்லில் வைத்துச் சுத்தியலால் நிமிர்த்தி, மற்ற மூன்றுடன் சேருங்கள். நிறை பார்க்கத் தராசு வேண்டாம். தொப்பிகளில் வெட்டியிருக்கும் இலக்கங்களைக் கண்டுகொள்ளாமல் மாற்றிப் பூட்டுங்கள். ரொட்டும் தொப்பியும் சேர்த்துக் கடையப்பட்டவை என்பது தொழிற்சாலைக்காரர்களின் பிடிவாதம். போல்ட்டும் பழையதே போதும்.

எல்லாம் பூட்டியாயிற்றா? ஓட்டிப் பழக்குவதற்குச் சமதரை தேடாதீர்கள். மாவனல்லைப் பக்கம் இறங்கி, ஆறு பேரை ஏற்றிக்கொண்டு, டொப் கியரை விடாமல் கடுகண்ணாவை ஏற்றத்தில் மிதியுங்கள். எப்படியாவது உச்சி வரை கொண்டுபோய், நிற்பதென்றால் டோசன் கோபுரத்தடியில் நிற்கப் பாருங்கள். பாதை போட்ட கப்டனுக்காக 1832இல் கட்டியது, எல்லோருக்கும் தெரிந்த இடம். கெரியர்காரருக்குப் போனில் வழி சொல்லச் சுலபம்.