கோப்பைக்குப் போகும் வழி

கேள்வி: 2025 கிளப் உலகக் கோப்பையில் பேயர்ன் மியூனிக்கிடம் 10-0 என்று உதை வாங்கிய நியூசிலாந்தின் ஆக்லாந்து சிட்டியை உள்ளே விட்டது யார்?

பதில்: சிபாரிசில் வந்தவர்கள் இல்லை, ஜெயித்து வந்தவர்கள். ஓஷியானியாவுக்கு இருந்தது ஒரே ஓர் இடம். 2022, 2023, 2024 என்று மூன்று வருடமும் ஓஷியானியா சாம்பியன்ஸ் லீக்கை வென்றவர்களுக்கு அதைத் தராமல் வேறு யாருக்குத் தருவது?

கேள்வி: அந்த லீக்கில் ஆடத் தகுதி பெறுவது எப்படி?

பதில்: முதலில் சொந்த ஊர் லீக்கில் சாதிக்க வேண்டும். 2024இல் நியூசிலாந்து, ஃபிஜி, பப்புவா நியூ கினி, நியூ கலிடோனியா, சாலமன் தீவுகள், தாஹிட்டி, வனுவாட்டு ஆகிய ஏழிலும் தலா இரண்டு கிளப்கள் மோதின. வென்றது மட்டும் முன்னேறியது. சமோவா, டோங்கா போன்ற குட்டித் தீவுகளுக்குத் தனியாகத் தகுதிச் சுற்று. அதில் வென்ற அணி எட்டாவதாகச் சேர்ந்தது.

கேள்வி: நியூசிலாந்தின் தொழில்முறை அணிகளில் ஒன்றான வெலிங்டன் ஃபீனிக்ஸ் எங்கே?

பதில்: அது ஆடுவது ஆஸ்திரேலிய லீக்கில். ஆஸ்திரேலியாவோ 2006இல் ஆசியாவோடு சேர்ந்துவிட்டது. ஊர் ஓஷியானியாவில் இருப்பதால் ஃபீனிக்ஸுக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கிலும் இடமில்லை. திறமை இருந்தும் வரைபடம் தடுக்கிறது. இது மாற வேண்டிய விதி.

கேள்வி: ஓஷியானியா கோப்பை எப்போதும் நியூசிலாந்துக்குத்தானா?

பதில்: 2010இல் பப்புவா நியூ கினியின் ஹெகாரி யுனைடெட் தட்டிச் சென்றது. 2019இல் நியூ கலிடோனியாவின் இயெங்கென் ஸ்போர் வென்றது. அதே வருடம் கத்தாரில் நடந்த கிளப் உலகக் கோப்பையில் அல் சாத் அணியை 90 நிமிடம் 1-1 என்று இழுத்துப் பிடித்து, கூடுதல் நேரத்தில்தான் தோற்றது.

கேள்வி: பத்து கோல் வாங்கும் கண்டத்துக்கு இடம் எதற்கு? ஐரோப்பாவுக்கே கொடுத்துவிடலாமே?

பதில்: கூடவே கூடாது. அந்தத் தோல்விக்கு ஒன்பது நாள் கழித்து நாஷ்வில்லில் ஆக்லாந்து சிட்டிக்கு எதிரே நின்றது, தென் அமெரிக்காவின் லிபர்டடோரஸ் கோப்பையை ஆறு முறை வென்ற போகா ஜூனியர்ஸ். கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே அனுப்பினார் கிறிஸ்டியன் கிரே. அவர் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தவர். ஆட்டம் 1-1. சம்பள வேலைக்கு லீவு போட்டு வந்தவர்கள் நிறைந்த அணி, கோடிகள் புரளும் கிளப்பை ஜெயிக்கவிடாமல் ஊருக்கு அனுப்பியது. இவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டு நடத்தும் போட்டிக்கு உலகக் கோப்பை என்று பெயர் வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.