பரிகாரம் சார்

பரிகாரம் சார் வீட்டுக்குள் நிமிர்ந்து நுழைய முடியாது. நிலைப்படிக்கு மேலே கறுப்புக் கயிற்றில் படிகாரக் கட்டி தொங்கும். பக்கத்தில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும். நடுவில், மஞ்சள் குங்குமம் பூசி நாரில் கட்டிய ஆகாச கருடன் கிழங்கு. குனிந்தால்தான் வழி. "லட்சுமி எப்படி சார் குனிஞ்சு வருவா?" என்று ஒருநாள் கேட்டேன். "அவ தாமரையில உட்கார்ந்துதானே தம்பி வருவா" என்றார். அவரிடம் பதில் இல்லாத கேள்வி ஒன்றை இந்த அடுக்ககத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

எல்லா அடுக்ககத்திலும் இப்படி ஒருவர் உண்டு. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர், அல்லது ஓய்வு பெறும் தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருப்பவர். நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் ஸ்டூல் எடுத்துப் போடுவார்கள். கேலி செய்வது சுலபம், ஆனால் அவர் பாடு நமக்குத் தெரியாது. பாட்டி சொல்லிக்கொடுத்த சாஸ்திரமெல்லாம் திண்ணையும் முற்றமும் கொல்லையும் இருந்த வீட்டுக்கானது. வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட வேண்டும். விளக்கு வைக்கும் முன் வாசல் கதவைத் திறந்து, கொல்லைக் கதவைச் சாத்த வேண்டும். முன்பக்கமாக வந்த லட்சுமி பின்பக்கமாகப் போய்விடக் கூடாதே! மூன்றாவது மாடி வாடகை வீட்டில் கொல்லைக்கு எங்கே போவது? நான்கு நாள் வீட்டை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து, லட்சுமி தப்பிப் போக இருக்கும் ஒரே வழி குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்தான் என்று கண்டுபிடித்தார். மாலை ஆறு மணிக்கு அதை அட்டையால் மூடிவிடுகிறார். அதற்குமேல் குளிப்பவர்கள் பாடு அவரவர் பாடு. சாணத்துக்குப் பதிலாக, தரை துடைக்கும் பச்சைத் திரவம். "நிறம் ஒண்ணா இருக்கே, போதாதா?"

அமாவாசைப் பூசணிதான் பெரிய பிரச்சினையாயிற்று. பொது நடையில் உடைத்ததில் கூரியர் பையன் வழுக்கி விழுந்தான். அசோசியேஷன் கூடி, பூசணிக்குத் தடை போட்டது. அடுத்த அமாவாசையில் பூசணியை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு, முடிச்சுப் போட்டு, பையோடு தரையில் அறைந்தார். திருஷ்டியும் கழிந்தது, தரையும் சுத்தம். 2019 ஜனவரியில் தமிழக அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்ததும் சாக்குப்பைக்கு மாறினார். சட்டத்தை மதிப்பதில் அவருக்கு நிகர் கிடையாது.

பாட்டியின் சரக்கு தீர்ந்த இடத்தில் உலகம் கைகொடுத்தது. கூடத்து அலமாரியில் தொப்பையோடு சிரிக்கும் பொம்மையை அவர் குபேரர் என்கிறார். கடைக்காரரும் அப்படித்தான் சொல்லி விற்றார். அது பத்தாம் நூற்றாண்டுச் சீனத்தில் திரிந்ததாகச் சொல்லப்படும் புதாய் என்ற பௌத்தத் துறவி. ஒரு துணிப்பையைத் தவிர வேறு சொத்து இல்லாத மனிதர். அவர் தொப்பையைத் தடவித்தான் சார் தினமும் பஞ்சப்படி உயர்வு கேட்கிறார். பக்கத்தில் கண்ணாடிக் குவளையில் நிற்கும் அதிர்ஷ்ட மூங்கில், மூங்கிலே அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேறு செடி. மணி பிளாண்டின் பூர்வீகம் பசிபிக் கடலில் தாஹிட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தீவு. அதைத் திருடி வைத்தால்தான் பணம் வரும் என்பது ஐதீகம். ஆகவே சார் தரைத்தள வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு கிளையை ஒடித்து வந்தார். தரைத்தளத்துக்காரர் அதற்கு முந்தின வருடம் சார் வீட்டுத் தொட்டியிலிருந்துதான் ஒடித்தார் என்பது எனக்குத் தெரியும். இருவரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை குபேர கோலம். அதை மட்டும் நான் ரசித்துப் பார்ப்பேன். மஞ்சள் பொடியில் மூன்றுக்கு மூன்று கட்டம். முதல் வரிசையில் 27, 20, 25. அடுத்து 22, 24, 26. கடைசியில் 23, 28, 21. நேராக, குறுக்காக, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 72. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நாணயம், ஒரு பூ. சீனர்களின் பழைய லோ ஷூ சதுரத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள எண்களோடு 19-ஐக் கூட்டினால் இதே வரிசைகள் கீழிருந்து மேலாக வரும். இதைச் சொன்னதும் சார் ஆடிப்போவார் என்று நினைத்தேன். "அப்ப சீனாக்காரன் இவ்வளவு பணக்காரனானது எப்படின்னு இப்பப் புரியுதா?" என்றார்.

பர்ஸில் பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் கிராம்பும் வைத்தால் பணம் சேரும் என்பது பழைய முறை. இப்போது பர்ஸில் பணமே இல்லை, எல்லாம் போனில். சார் ஏலக்காயைப் போன் உறைக்குள் மாற்றினார். போன் மேசையில் சமமாக உட்காராமல் ஆடும். எடுத்துப் பேசினால் பாயச வாசனை. அதோடு விட்டிருக்கலாம். அவர் வீட்டம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். காலை ஆறு மணிக்கே பாத்திரத்தோடு ஆட்கள் நிற்பார்கள். பணம் வாங்க வாசலில் கியூஆர் அட்டை ஒட்டியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் அதை உற்றுப் பார்த்த சார், மூன்று மூலைகளில் மட்டும் பெரிய சதுரம் இருப்பதைக் கண்டு அதிர்ந்தார். "தென்கிழக்கு காலியா இருக்கு தம்பி. அக்னி மூலை!" என்றார் என்னிடம். காலியான மூலைக்கு ஒரு குங்குமப் பொட்டு. பாரபட்சம் வேண்டாமென்று மற்ற மூன்று சதுரத்துக்கும் கனமாகச் சந்தனம், மேலே குங்குமம். அன்று ஒரு போனுக்கும் அந்த அட்டை புரியவில்லை. மாவு வாங்கியவர்கள் எல்லாம் "நாளைக்குத் தர்றேன் அக்கா" என்று போனார்கள். மறுநாள் புது அட்டை வந்தது, பரணுக்குப் பக்கத்தில், சார் கைக்கு எட்டாத உயரத்தில். வாடிக்கையாளர்கள் நுனிக்காலில் நின்று பணம் அனுப்புகிறார்கள்.

இத்தனைக்கும் பலன் உண்டா என்று கேட்கிறீர்களா? கேட்கத் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். ஆகாச கருடன் கிழங்கையே பாருங்கள். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியபடியே அது துளிர்விட்டுக் கொடி ஓடும். உள்ளே சேர்த்து வைத்திருக்கும் ஈரத்தின் வேலை. துளிர்த்தால் ஐஸ்வர்யம் வந்துவிட்டது என்று அர்த்தம். அழுகினால்? நம்மேல் வந்த திருஷ்டியை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது, பிழைத்தோம் என்று அர்த்தம். பெண்ணுக்கு வேலை கிடைத்தால் கல் உப்பு ஜாடியால். இன்க்ரிமென்ட் நின்றுபோனால், போன வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் பக்கத்து வீட்டுக்கு உப்பு கொடுத்ததால். எந்தக் கணக்கும் அவரிடம் தோற்காது.

தோற்க வேண்டிய கணக்கு ஒன்று போன மாதம் வந்தது. 11 மாத ஒப்பந்தம் முடிந்து, வீட்டுக்காரர் வாடகையை மூவாயிரம் ரூபாய் ஏற்றிவிட்டார். மனிதர் இடிந்து போயிருப்பார் என்று ஆறுதல் சொல்லப் போனேன். கூடத்தில் நிதானமாக மஞ்சள் பொடி குழைத்துக்கொண்டிருந்தார்.

"வேலை செய்யுது தம்பி" என்றார், கண்ணில் ஒளியோடு. "இத்தனை மாசம் நான் போட்ட கோலத்துக்கு வீட்டுக்காரனுக்கு மாசம் மூவாயிரம் வருமானம் கூடியிருக்கு பாருங்க. சக்தி இருக்கு. பட்டா யார் பேர்ல இருக்கோ அங்க போயிடுது, அவ்வளவுதான்."

அந்த வியாழக்கிழமை கோலத்தில் எண்கள் மாறவில்லை. 27, 20, 25 எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கடைசி வரிசைக்குக் கீழே மட்டும், அரிசி மாவில், சின்ன எழுத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது: 'குடியிருப்பவருக்கு மட்டும்.'