கந்தோர் மேசையும் மூன்று பூக்களும்

திருகோணமலைத் துறைமுகத்தில் கொடி மாறும்போது கப்பல்கள் போய்விடும். அந்தக் கப்பல்களை நம்பி வாழ்ந்தவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். சீருடை போட்டவர், காயம்பட்டவர், திரும்பி வராதவரின் மனைவி என்று எல்லோருடைய கடதாசிகளும் கடைசியில் ஏதோ ஒரு அரச கந்தோரின் மேசைக்கு வந்து சேரும். அப்படியான மேசைகளில் இலிகிதராக இருந்தே என் வேலைக்காலம் முடிந்தது. மேசைக்கு மேலே சுவரில் என்ன தொங்குகிறது, மேசைக்குப் பின்னால் இருப்பவரின் சட்டையில் என்ன குத்தியிருக்கிறது என்பதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கேதான் எனக்கு விளங்கியது.

1957ஆம் ஆண்டு நான் சின்னப் பையன். பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, சந்தை மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி கட்டப் போன நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்களம் மட்டும் சட்டம் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அன்று டொக்யாட்டிலிருந்து வந்த அப்பா வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அதே ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியக் கடற்படையின் கொடி இறங்கி, தளம் இலங்கையின் கைக்கு வந்தது. ஊர் கொண்டாடியது. டொக்யாட்டில் வேலை பார்த்த பல குடும்பங்கள் அடுத்த மாதச் சம்பளத்தை நினைத்துக் கலங்கின. ஒரே ஆண்டில் இரண்டு கொடிகள். ஒன்றை ஏற்றப் போனவர் உயிரை விட்டார், மற்றது இறங்கியபோது பலரின் பிழைப்புப் போனது. கொடி வெறும் துணி என்று யாராவது சொன்னால் எங்கள் ஊர்க்காரனால் அதை ஏற்க முடியாது.

பெரியப்பா இரண்டாம் உலகப் போரில் இலங்கைக் கடற்படைத் தொண்டர் படையில் இருந்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டபோது அவர் இங்கேதான் நின்றார். அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. போர் முடிந்ததும் அவருக்கு மிஞ்சியது ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்த பதக்கங்களும், ஒரு கட்டுக் கடதாசியும், கந்தோர் கந்தோராக நடக்கும் வேலையும்.

நவம்பர் வந்தால் கந்தோர்களில் செந்நிறப் பொப்பிப் பூ தென்படும். முதலாம் உலகப் போர் முடிந்த நவம்பர் 11ஆம் நாளை நினைந்து, முன்னாள் படையினருக்கு உதவ விற்கப்படும் காகிதப் பூ அது. பெரியப்பா அதை வாங்கவே மாட்டார். வேலியோரப் பூவரசில் மஞ்சள் பூ ஒன்றைப் பறித்துச் சட்டையில் செருகிக்கொள்வார். தன்னோடு சேவை செய்த சிங்களத் தோழர்களிடமிருந்து அவர் பழகிக்கொண்ட வழக்கம் அது. அதன் பின்னால் உண்மையான ஒரு வரலாறு இருக்கிறது. இலங்கையில் பொப்பி விற்றுச் சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. இங்கேயே இருந்த முன்னாள் படையினருக்குக் கிடைத்தது சொற்பம். அதை எதிர்த்து, தாமும் படையில் இருந்தவரான ஏலியன் பெரேரா 1931இல் பூவரசம்பூ விற்பனையைத் தொடங்கினார். 1933இல் டொரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பத்திரிகையில் இந்த இரு பூக்களின் போரைப் பற்றி எழுதினார். இளைஞர்கள் அதைக் கையில் எடுக்க, பூவரசம்பூவின் சிங்களப் பெயரில் 'சூரியமல்' இயக்கம் வளர்ந்தது. பூ விற்ற அந்த இளைஞர்களே 1934, 35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் கொண்டு போனார்கள். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததும் அந்த வட்டத்திலிருந்துதான்.

பெரியப்பாவின் மனத்தாங்கல் கட்சிக்காரனுடையதல்ல. ஒரு முறை என்னிடம் சொன்னார்: "தம்பி, பூ வாங்கிறதும் விடுறதும் அவரவர் விருப்பம். ஆனா எனக்குச் சேரவேண்டிய காசுக்கு ஒப்பம் வைக்கிற மனுசன் அந்தப் பூவைக் குத்திக்கொண்டு இருந்தா, நான் பூவரசம்பூவைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டுத்தான் உள்ள போகவேணும். கடலில குண்டு விழேக்க பயப்பிடாதவன் ஒரு மேசைக்கு முன்னால பயந்தேன்."

1970களின் தொடக்கத்தில் நான் அரச சேவையில் சேர்ந்தேன். 1972இல் நாடு குடியரசானதும் மகாராணியின் படம் கந்தோர்ச் சுவர்களிலிருந்து இறங்கியது. அதே ஆண்டு தேசியக் கொடியில் சிங்கம் நிற்கும் பகுதியின் நான்கு மூலைகளுக்கும் அரசிலைகள் வந்தன. இனிமேல் எல்லாம் நம்முடையது என்ற நிம்மதி எனக்கும் இருந்தது. ஆனால் மகாராணி இருந்த ஆணியில் ஆளும் கட்சித் தலைவரின் படம் ஏறியது. 1977இல் ஆட்சி மாறியது, படமும் மாறியது. அந்தப் படம் அங்கே என்ன வேலை செய்தது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஓய்வூதியம் கேட்டு வருகிறவர் முதலில் சுவரைப் பார்ப்பார். அடுத்த முறை வரும்போது அந்தப் படத்துக்குரிய கட்சியின் எம்.பி.யிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வருவார். அவருடைய சேவைப் பத்திரம், கிராம சேவகர் ஒப்பமிட்ட உயிர்வாழ் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அவை போதும் என்றால் நம்பமாட்டார். சட்டம் கொடுத்த உரிமையை ஒருவருடைய தயவாக மாற்றுவதற்கு ஒரு ஆணியும் ஒரு படமும் போதுமாக இருந்தன.

பிறகு யுத்தம் வந்தது. துறைமுகம் மீண்டும் கடற்படைக் கோட்டையாகியது. எங்கள் மாவட்டத்தில் மூன்று சமூகத்து வீடுகளிலும் சாவு விழுந்தது. கோமரங்கடவலைக்கும் கந்தளாய்க்கும் சவப்பெட்டிகள் போயின. மூதூரிலும் கிண்ணியாவிலும் ஊர்காவல் படையில் சேர்ந்த முஸ்லிம் இளைஞர்கள் இறந்தார்கள். சம்பூரிலும் ஈச்சிலம்பற்றிலும் புலிகள் இயக்கத்துக்குப் போன பிள்ளைகள் திரும்பவில்லை. 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை அமைந்தது. இறந்த, அங்கவீனமான படையினரின் குடும்பங்களுக்கு அது தேவையான அமைப்பு. கால் போன இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அரசாங்கம் கடன்பட்டிருக்கிறது என்பதில் எனக்கு ஒருநாளும் ஐயம் இருந்ததில்லை.

அந்தக் காலத்தில் கோமரங்கடவலையிலிருந்து ஒரு தாய் வந்தார். மகன் வடக்கில் இறந்திருந்தான். என் நெற்றியில் எப்போதும்போலத் திருநீறு இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த கோவையை மார்போடு அணைத்துக்கொண்டார். நான் சிங்களத்தில் பேசி, இருக்கச் சொல்லி, படிவத்தை நானே நிரப்பி, எந்தக் கடதாசி குறைகிறது என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது நேரே என் மேசைக்கு வந்தார்.

அதனால் ஒரு மனிதர் உடம்பில் தாங்கியிருக்கும் அடையாளத்தையும் கந்தோர் சுவரில் தொங்கும் அடையாளத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவதை நான் ஏற்பதில்லை. 2018இலும் 2022இலும் எங்கள் ஊர் ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவது பெரிய சர்ச்சையானது. திருநீறு பூசி நாற்காலியில் இருந்த எனக்கு, அந்த ஆசிரியைகளின் உடுப்பை எதிர்க்க எந்த நியாயமும் இல்லை. திருநீறும் அபாயாவும் பிறையும் பிரித் நூலும் அந்த மனிதரைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. அவர் நடந்துகொள்ளும் விதத்தால் எதிரே இருப்பவரின் அச்சத்தைப் போக்க முடியும். சுவரில் ஒட்டிய சுவரொட்டியோ கந்தோரின் பெயரால் பேசுகிறது. எந்த இலிகிதரின் நல்ல குணத்தாலும் அதைத் திருத்த முடியாது.

2009இல் யுத்தம் முடிந்த பிறகு இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. புனர்வாழ்வு பெற்று வெளியே வந்த முன்னாள் போராளிகள் சுமார் 12,000 பேர். அவர்களில் எங்கள் மாவட்டத்தவரும் வாழ்வாதாரக் கடனுக்கும் அங்கவீனர் கொடுப்பனவுக்கும் அடையாள அட்டைக்கும் அதே பிரதேச செயலகங்களுக்கு வரவேண்டியிருந்தது. அவர்களும் யுத்தத்திலிருந்து திரும்பியவர்கள்தான். ஆண்டுதோறும் மே மாதத்தில், படைவீரரைக் கௌரவிக்கும் ரணவிரு கொடி முதலில் ஜனாதிபதிக்கு அணிவிக்கப்படும். பிறகு அது கந்தோர்களுக்கும் வரும். அதே மே மாதம், யுத்தத்தின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்துக் கஞ்சி காய்ச்சும் மாதம். 2024 மே மாதத்தில் சம்பூரில் அந்தக் கஞ்சிக்காகப் பெண்கள் கைதானார்கள். நவம்பரிலும் இதே நிலைதான். 11ஆம் திகதியை முன்னிட்டுப் பொப்பிப் பூவை நாட்டின் தலைவர் அணிவார். புலிகளின் மாவீரர் நாளான 27ஆம் திகதி சம்பூர் ஆலங்குளம் மாவீரர் துயிலுமில்லத்தில் தாய்மார் விளக்கேற்றுவார்கள், அன்றைய கார்த்திகைப் பூவுக்காகப் பொலிஸ் விசாரணை வரலாம். புலிகள் தேசியப் பூவாக அறிவித்த அந்தப் பூவே பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தள்.

நான் அறிந்த முன்னாள் போராளி ஒருவர், ஒரு கையை இழந்தவர், அங்கவீனர் கொடுப்பனவுப் படிவத்தை மனைவியிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு வாசல் வேம்படியில் நிற்பார். நேரில் வந்து ஒப்பமிட வேண்டும் என்று சொன்னதும் மனைவி படிவத்தோடு திரும்பிப் போய்விட்டார். அந்தக் கொடுப்பனவு அவருக்குக் கிடைக்கவேயில்லை. எந்த அதிகாரியும் அவரை அவமதிக்கவில்லை. சுவரில் இருந்த படங்களும் மேசைக் கொடிகளும் அவரை வாசலிலேயே நிறுத்தின. பொப்பிக்கு முன்னால் பூவரசம்பூவைச் சட்டைப்பைக்குள் ஒளித்த பெரியப்பா நின்ற இடத்தில், அரை நூற்றாண்டுக்குப் பிறகு, நம்முடைய ஆட்சியில், இன்னொருவர் நின்றார்.

நாட்டுக்காக இறந்தவனை அரச கந்தோர் மதிக்கக்கூடாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். மதிக்கவேண்டும். அதற்கு நினைவுத் தூபிகள் இருக்கின்றன, நினைவு நாட்கள் இருக்கின்றன. நிலாவெளி வீதியில் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் இருக்கின்றன. அங்கே பல மதத்தவரும் பல நாட்டவரும் ஒரே அளவான கற்களின் கீழ் கிடக்கிறார்கள். பழைய படைவீரர் பதக்கத்தைக் குத்திக்கொண்டு கந்தோருக்கு வந்தால் எழுந்து நின்று வரவேற்கலாம், அது அவர் சம்பாதித்தது. கேட்டு வருகிறவர் எந்த அடையாளத்தோடும் வரலாம். கொடுக்கும் இடத்தில் இருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் குறைவாகத்தான் இருக்கவேண்டும், ஏனென்றால் அதிகாரம் அவர் கையில் இருக்கிறது.

இது வேறு நாடுகளும் யோசித்த விஷயம்தான். இந்தியாவின் 1964ஆம் ஆண்டு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், ஊழியர் தன் உடம்பிலோ வாகனத்திலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டினாலே அது தேர்தலில் செல்வாக்குச் செலுத்துவதாகும் என்கின்றன. அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டின் ஹட்ச் சட்டத்தின்படி மத்திய அரசு ஊழியர்கள் வேலை நேரத்தில் கட்சிச் சின்னம் அணிய முடியாது. நம் தாபன விதிக்கோவையிலும் அரச உத்தியோகத்தரின் அரசியல் உரிமைகளுக்கென்று 32ஆம் அத்தியாயம் இருக்கிறது. 2019 நவம்பரில் பதவியேற்ற ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, தலைவர்களின் படங்களை அரச கந்தோர்களில் மாட்டவேண்டாம், அரச இலச்சினை போதும் என்று பணித்தார். அவருடைய ஆட்சியைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஆனாலும் அந்த ஒரு பணிப்பு சரியானது. சுவரிலிருந்து படங்கள் இறங்கியதும், எம்.பி. கடிதம் தேவையா என்று கேட்பவர்கள் குறைந்தார்கள் என்று இன்று அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. தலைவரின் படம் இறங்கிய இடத்தில் யுத்த வெற்றியின் சுவரொட்டி இருந்தால் சுவர் வெறுமையாகவில்லை. 2005 மே மாதத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இரவோடு இரவாகப் புத்தர் சிலை வந்தபோது ஊர் ஹர்த்தாலில் முடங்கியது. ஒரு பொது இடத்தை ஒரு தரப்பு தன் அடையாளத்தால் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் அங்கே விருந்தாளியாகிவிடுகிறார்கள். கந்தோரும் பொது இடம்தான். அதுவும் வலியோடு வருகிறவர்களின் பொது இடம்.

முன்னாள் படையினருக்கும் முன்னாள் போராளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் பணி செய்யும் கந்தோர்களின் சுவர்களில் மூன்று விஷயங்கள் போதும் என்பது என் முடிவு: என்ன கொடுப்பனவுக்கு என்ன கடதாசி வேண்டும் என்ற பட்டியல், எத்தனை நாளில் பதில் வரும் என்ற உறுதி, மறுத்தால் யாரிடம் முறையிடலாம் என்ற பெயரும் தொலைபேசி எண்ணும், இவை எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே அளவு எழுத்தில். மேசையில் கொடியும் பூவும் வேண்டாம், அவை எந்தப் பக்கத்தவை என்றாலும். யுத்தத்துக்குப் போய்வந்தவருக்கு அரசாங்கம் கொடுக்கக்கூடிய மரியாதை, அவருக்குச் சேரவேண்டியதை, அவர் யார் பக்கம் என்று கேட்காமல், சொன்ன நாளில், அவருடைய மொழியில் கொடுப்பது. அதைச் செய்யாத கந்தோர் எத்தனை பூவைக் குத்திக்கொண்டாலும் அது யாரையும் கௌரவித்ததாகாது.