சோட்டா பீமுக்கு லட்டு, மோட்டுவுக்குச் சமோசா!

பிள்ளைகளின் பிறந்தநாள் பலகாரம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மகனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். சோட்டா பீம் தீம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வெளியில் ஆர்டர் கொடுத்தால் ஒரு மாத மளிகைச் செலவு வருகிறது. வீட்டிலேயே என்ன செய்யலாம்?
- வாசகி, பேகம்பூர்

பீமுக்குப் பலம் எதிலிருந்து வருகிறது என்று மகனிடமே கேளுங்கள் சகோதரி. லட்டு! 2008-ல் தொலைக்காட்சிக்கு வந்த அந்தப் பையனுக்கு இன்றுவரை அதுதான் ஆயுதம். தீம் உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது.

ஒரு டம்ளர் பொட்டுக்கடலை, முக்கால் டம்ளர் சர்க்கரை, இரண்டு ஏலக்காய். தனித்தனியாக நைஸாகப் பொடித்துச் சலித்துக் கலந்துகொள்ளுங்கள். ஐந்தாறு ஸ்பூன் நெய்யை நன்றாகச் சூடாக்கி மேலே ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கிற சூடு வந்ததும் பிடிக்க ஆரம்பிக்கலாம். சூடு ஆறிவிட்டால் உருண்டை உதிரும். உதிர்ந்தால் பயப்படாமல் இன்னும் ஒரு ஸ்பூன் சூடான நெய் விடுங்கள், சேர்ந்துகொள்ளும். கடை லட்டு அளவுக்குப் பிடிக்க வேண்டாம். பெரிய நெல்லிக்காய் அளவு போதும். ஐந்து வயதுப் பிள்ளை பெரிய லட்டில் ஒரு கடி கடித்துவிட்டு மீதியைச் சோபாவுக்கு அடியில் உருட்டிவிடும்.

ஒரு மண்கலயத்தில் அடுக்கி, பீமின் ஊர்ப் பெயரில் 'டோலக்பூர் லட்டுக்கடை' என்று மகன் கையாலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அங்கே லட்டு விற்கும் டுன் டுன் மௌசி வேடத்துக்கு வீட்டில் நன்னியம்மா இருக்கிறார். வேறென்ன வேண்டும்?

பெரியவனுக்கு மோட்டு பட்லு, சின்னவளுக்கு டோரேமான். இருவருக்கும் ஒரே வாரத்தில் பிறந்தநாள். ஒரே விழாவாக நடத்தலாமா?
- இரு பிள்ளைகளின் தாய், மேட்டுப்பட்டி

தாராளமாக. மோட்டுவுக்குச் சமோசா என்றால் உயிர். பேகம்பூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சமோசா மடிக்க நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: வெங்காயத்தோடு ஒரு கைப்பிடி அவலைப் பிசறி வையுங்கள். வெங்காயம் விடுகிற தண்ணீரை அவல் இழுத்துக்கொள்ளும், மேல்மாவு நமத்துப்போகாது. பச்சை மிளகாய்க்குப் பதில் கொஞ்சம் மிளகுத்தூள்.

1969-ல் ஜப்பானில் காமிக்ஸாகப் பிறந்த டோரேமானுக்குப் பிடித்தது டோராயாகி. இரண்டு குட்டி இனிப்பு ஆப்பங்களுக்கு நடுவில் சிவப்புப் பயறுப் பூரணம் வைத்த பலகாரம் அது. நமக்குப் போளிப் பூரணம் புதிதா? கோதுமை மாவு, வெல்லப்பாகு, மசித்த வாழைப்பழம், கொஞ்சம் பால், ஒரு சிட்டிகை சோடா உப்பு. இட்லி மாவை விடக் கொஞ்சம் இளக்கமாகக் கரைத்துத் தோசைக்கல்லில் உள்ளங்கை அளவுக்கு ஊற்றுங்கள். தீ மிகக் குறைவாக இருக்கட்டும், வெல்லம் சீக்கிரம் கருகும். மேலே சின்னச் சின்னக் குமிழி வந்து உடைகிறபோது திருப்பிப் போடுங்கள். நடுவில் பாசிப்பருப்புப் பூரணம் வைத்து இன்னொன்றால் மூடினால் டோராயாகி தயார். வாழைப்பழத்துக்குச் சிறுமலைப் பழம் கிடைத்தால் அதையே போடுங்கள். 2008-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ப் பழம், மணமே தனி.

மகளுக்கு 'ஃப்ரோசன்' எல்சா தீம். எல்லாமே நீல நிறத்தில் வேண்டுமாம். நீலக் கலர்ப்பொடி போட்டால் ஆபத்தா?
- வாசகி, நாகல் நகர்

இந்திய உணவுச் சட்டத்தில் அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் எட்டு. அவற்றையும் குறிப்பிட்ட சில பண்டங்களில் மட்டும், கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் சேர்க்க வேண்டும். வீட்டில் ஒரு சிட்டிகை போடும்போது யார் தராசு வைத்து நிறுக்கிறோம்? அதனால் கலர்ப்பொடியே வேண்டாம் என்பது என் முடிவு. நீலம் உங்கள் வேலியில் பூத்திருக்கிறது: சங்குப்பூ.

காம்பு கிள்ளிய பதினைந்து இருபது பூக்களை ஒரு டம்ளர் கொதிநீரில் போட்டு மூடுங்கள். பத்து நிமிடத்தில் மை போல நீலம் இறங்கிவிடும். வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது கடல்பாசி. நோன்புக் காலத்தில் நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு கைமாறுகிற அதே கடல்பாசிதான் எல்சாவின் பனிக்கட்டி. பத்து கிராம் கடல்பாசியை நறுக்கி ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஊறவைத்து, ஓர் இழைகூடத் தெரியாமல் கரையும்வரை காய்ச்சுங்கள். கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். நூல் நூலாக ஒட்டியிருந்தால் இன்னும் கரையவில்லை. சர்க்கரை போட்ட அரை லிட்டர் பாலைச் சூடாகவே ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜ் பாலை ஊற்றினால் அந்த இடத்திலேயே கட்டிகட்டியாக உறைந்துவிடும். பிறகு சங்குப்பூச் சாறு சேர்த்தால் வெளிர்வானம் போல ஒரு நீலம் வரும். தட்டில் ஊற்றி ஆறவிட்டு, பாட்டில் மூடியாலோ பிஸ்கட் அச்சாலோ வெட்டி எடுங்கள்.

கடல்பாசி 40 டிகிரிக்கு அருகில் உறைந்துவிடும். மறுபடி உருக வேண்டுமானால் 85 டிகிரி சூடு வேண்டும். அதனால் திண்டுக்கல் சித்திரை வெயிலிலும் தட்டில் அப்படியே நிற்கும். கடையில் விற்கிற ஜெலட்டின் ஜெல்லி வாயில் வைத்தாலே கரைகிற வகை, நம் வெயிலில் அரை மணி நேரம் தாங்காது.

மிச்சமிருக்கும் சங்குப்பூத் தண்ணீரில் சர்க்கரை கலந்து ஆளுக்கு ஒரு கிளாஸ் கொடுங்கள். பிள்ளைகள் எதிரிலேயே எலுமிச்சையைப் பிழியுங்கள். நீலம் ஊதாவாக மாறும். புளிப்பு பட்டதும் பூவின் நிறமி மாறுகிறது, அவ்வளவுதான் மந்திரம். பால் சேர்த்த கடல்பாசியில் மட்டும் எலுமிச்சை படக்கூடாது, திரிந்துவிடும்.

ரோஸ் கலர் பஞ்சுமிட்டாய் மெஷின், புகை பிஸ்கட் இரண்டுக்கும் ஆள் பிடித்துவிட்டேன். சரிதானே?
- ஓர் அப்பா, வத்தலக்குண்டு

இரண்டையும் ரத்து செய்யுங்கள். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது. சாயமில்லாத வெள்ளைப் பஞ்சுமிட்டாய் என்றால் பேசலாம். புகை பிஸ்கட்டில் இருப்பது மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜன். ஆவியாகாமல் உள்ளே போனால் வாயும் தொண்டையும் வயிறும் புண்ணாகும். கொடுத்த முன்பணம் போனால் போகட்டும்.

எந்தக் கார்ட்டூனும் வேண்டாம். திண்டுக்கல்லையே தீமாக வைத்தால் பேரன் ரசிப்பானா?
- ஒரு தாத்தா, திண்டுக்கல்

ஐயா, இந்த வாரத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது. பேரன் ரசிப்பான். அதற்கு இரண்டு பலகாரம் போதும்.

முதலாவது மலைக்கோட்டை. ரவா கேசரியைக் கலர்ப்பொடி இல்லாமல் வெல்லம் போட்டுக் கிளறினால் பாறையின் பழுப்பு நிறம் தானாகவே வரும். நெய் தடவிய ஆழமான கிண்ணத்தில் அழுத்தி வைத்து, சூடு தணியும் முன் தட்டில் கவிழ்த்தால் ஒற்றைப் பாறை தயார். உச்சியில் சின்ன பிஸ்கட்டுகளை நிறுத்தினால் மதில். 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை அது, 1755-ல் ஹைதர் அலி பொறுப்பேற்று வந்த இடம் என்று சொல்லிக்கொண்டே பரிமாறுங்கள். அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம்தான் பேகம்பூர் பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், பேரன் அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது திரும்பிப் பார்ப்பான்.

இரண்டாவது பூட்டு. டைமண்ட் பிஸ்கட்டுக்குப் பிசைகிற அதே கோதுமை மாவு. கட்டமாக வெட்டாமல் மாங்காய் வடிவில் வெட்டுங்கள். நம்மூர் மாங்காய்ப் பூட்டு வந்துவிடும். ஸ்ட்ராவால் குத்தினால் சாவித்துளை. மேல்வளையத்தை ஒட்டும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு அழுத்துங்கள், இல்லாவிட்டால் எண்ணெயில் தனியே மிதக்கும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிஜப் பூட்டு ஒன்றை வாங்கிப் பேரனுக்குப் பரிசாகவும் கொடுங்கள்.

பேகம்பூரில் பிறந்தநாள் என்றால் பிரியாணிதானே? நொறுக்குத்தீனி எதற்கு?
- இளைஞர், பேகம்பூர்

பிரியாணி பெரியவர்களுக்கு, இரவு எட்டு மணிக்கு. பிள்ளைகள் வருவது மாலை நாலு மணிக்கு. ஓடி விளையாடுகிற பிள்ளை ஒரு கையில் பலூனும் மறு கையில் தின்பண்டமுமாகத்தான் இருக்கும். சீரகச் சம்பாவை ஓடிக்கொண்டே சாப்பிட முடியுமா தம்பி?

பிறந்தநாள் இந்த முறை ரமலானில் வருகிறது. என்ன செய்ய?
- வாசகி, பேகம்பூர்

நோன்பு திறந்து, தொழுகை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தீம் பிறை. சோமாஸைவிட அழகான பிறை எந்தப் பேக்கரியிலும் கிடையாது. நட்சத்திர அச்சில் வெட்டிய வெள்ளைக் கடல்பாசியை அதைச் சுற்றி அடுக்குங்கள். ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் ரமலான் முன்னே நகர்ந்துகொண்டே போவதால், இந்த வாய்ப்பு தொடர்ந்து இரண்டு மூன்று பிறந்தநாளுக்கு மேல் வராது. நன்றாகவே கொண்டாடுங்கள்.

அலுவலகம் போகிறேன். ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது. எத்தனை வகை செய்யலாம்?
- வாசகி, சின்னாளபட்டி

ஓர் இனிப்பு, ஒரு காரம், ஒரு பழம், குடிக்க ஏதாவது ஒன்று. அதற்கு மேல் வைத்தால் எல்லாவற்றிலும் ஒரு கடி மட்டுமே போகும். இனிப்பை முந்தின நாள் இரவே பிடித்து வையுங்கள். காரத்துக்குக் குழிப்பணியாரம். பீட்ரூட் துருவலை அரைத்து மாவில் கலந்தால் சிவப்பு கிரிக்கெட் பந்து, கீரை அரைத்தால் டென்னிஸ் பந்து. விளையாட்டுத் தீமே வந்துவிட்டது. அச்சுமுறுக்கைக் கடையிலேயே வாங்குங்கள். பூப்போலவே இருப்பதால் பூ, பட்டாம்பூச்சி என்று எந்தத் தீமுக்கும் பொருந்தும். வாங்கிய பலகாரம் வைத்தால் அம்மாவின் அன்பு குறைந்துவிடாது.

தட்டு, ஸ்பூன்?
- வாசகர், நத்தம்

பாக்குமட்டைத் தட்டு, இல்லையென்றால் வட்டமாக நறுக்கிய வாழை இலை. பிளாஸ்டிக் தட்டும் குவளையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பலூன் கட்டும் பிளாஸ்டிக் குச்சிக்கும் தெர்மாகோல் அலங்காரத்துக்கும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை.

இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளும் வருவார்கள். சைவம், ஹலால், முட்டை ஆகாதவர்கள் என்று கலவையான கூட்டம். பயமாக இருக்கிறது.
- வாசகி, பேகம்பூர்

பயம் வேண்டாம், கவனம் போதும். முதலில் சின்னக் குழந்தைகள். முழுத் திராட்சை அவர்கள் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துக்கொள்ளும் அளவில் இருக்கிறது. நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். குறுக்கே இரண்டாக வெட்டினால் போதாது. முழு வேர்க்கடலை, பாப்கார்ன், கடலை மிட்டாய், உருண்டை மிட்டாய் எல்லாம் நான்கைந்து வயது நிறையும்வரை வேண்டாம். பல்குத்தும் குச்சியில் எதையும் செருகாதீர்கள். வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். அதுவும் வாய்க்குள் போகும். ஓடுகிற குழந்தைக்கு ஊட்டாதீர்கள், உட்கார வைத்துக் கொடுங்கள்.

கலவையான கூட்டத்துக்கு ஒரே வழி, எல்லாப் பலகாரத்தையும் முட்டையில்லாத சைவமாகச் செய்துவிடுவது. மார்ஷ்மெல்லோ, கம் மிட்டாய், ஜெல்லி வாங்கினால் உறையைப் படியுங்கள். ஜெலட்டின் என்றிருந்தால் அது விலங்கிலிருந்து எடுத்தது; சைவப் பிள்ளைக்கும் ஆகாது, ஹலால் பார்க்கும் வீட்டுக்கும் சந்தேகம். சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம்.

வேர்க்கடலை, முந்திரி, எள், பால், முட்டை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஆகாத பிள்ளை ஒன்றாவது கூட்டத்தில் இருக்கக்கூடும். பெற்றோர் விட்டுவிட்டுப் போன பிறகு அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. ஆகவே விழாவுக்கு அழைக்கும் அந்த போன் பேச்சிலேயே "பிள்ளைக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாதா?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதி வையுங்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் எல்லா அம்மா அப்பாக்களிடமும் நான் வைக்கும் வேண்டுகோள் இது.