திரீ செவன்டிஃபைவ் அண்ணாச்சி

போர்ட் பிளேர் எபர்டீன் பஜாரில், மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அண்ணாச்சிக்கு ஒரு ஹார்டுவேர் கடை. ஊருக்கு 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியாகிவிட்டது. கடைப் பலகை இன்னும் மாறவில்லை. ஆணி, வயர், குழாய், பெயின்ட் எல்லாம் உள்ளே கிடைக்கும். துப்பாக்கி கிடைக்காது. துப்பாக்கியைப் பற்றிய ஆலோசனை கிடைக்கும், அதுவும் இலவசமாக, வேண்டாம் என்றாலும்.

தமிழன் கடை போட்ட எந்த ஊரிலும் இந்த ரகத்தில் ஒருவர் இருப்பார். ஓர் ஊரில் அவர் போர் விமானம் பேசுவார், இன்னோர் ஊரில் நீர்மூழ்கிக் கப்பல். தீவில் அவர் பேசுவது வேட்டை ரைபிள். அண்ணாச்சியிடம் லைசென்ஸ் இல்லை. வாழ்நாளில் அவர் சுட்டதெல்லாம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கோயில் கொடையில் பலூன்தான். அதுவும் உடையவில்லை. கடைக்காரன் குழலை வளைத்து வைத்திருந்தான் என்பது அண்ணாச்சியின் கட்சி.

கல்லாவுக்கு அடியில் இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளை வைத்திருக்கிறார். ஒன்று 24 அங்குலம், மற்றது 20. இரண்டும் விற்பனைக்கில்லை. யாராவது எல்போ ஜாயின்ட் கேட்டு வந்து, சில்லறைக்காக இரண்டு நிமிடம் நின்றுவிட்டால் போதும், குழாய்கள் வெளியே வந்துவிடும்.

“பாத்துக்கிடும் தம்பி.” நீளக் குழாயைத் தோளில் வைத்து, பெயின்ட் டப்பா அடுக்குக்கும் கயிற்றுச் சுருளுக்கும் நடுவே சட்டென்று திரும்புவார். முனை டப்பாவில் இடிக்கும். “இடிச்சிட்டா? அலையாத்திக் காட்டுல வேருக்கு நடுவுல நிக்கீரு. முதலை பக்கத்துல வந்துட்டு. இந்தக் குழலைத் திருப்பதுக்குள்ள உம்ம கதை முடிஞ்சுது.” அடுத்து குட்டைக் குழாய். அது இடிக்காமல் திரும்பும். டப்பா அடுக்கை அதற்கென்றே அளந்து வைத்திருக்கிறார் என்று கடைப் பையன் சொல்கிறான்.

ஆனால் அண்ணாச்சிக்கு விஷயம் தெரியாது என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருக்குப் பட்டப்பெயர் வாங்கிக் கொடுத்த .375 தோட்டா, லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912இல் கொண்டுவந்தது. பத்தொன்பது கிராம் சொச்சம் எடையுள்ள குண்டை நொடிக்கு ஏறத்தாழ 770 மீட்டர் வேகத்தில் தள்ளும். யானை, காட்டெருமை வேட்டைக்கு இதற்குக் குறைந்த தோட்டா கூடாது என்று ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் விதியே உண்டு. அதன் குறை நீளம். தோட்டா ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் போகிறது. அதை விழுங்கித் துப்ப ரைபிளின் வயிறும் நீள வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ரூகர் கம்பெனியும் ஹார்னடி கம்பெனியும் சேர்ந்து 2007இல் .375 ரூகர் என்ற கட்டையான தோட்டாவைச் செய்தார்கள். சாதாரண அளவு ரைபிளுக்குள் அடங்கும். வேகமும் பழையதற்குக் குறைவில்லை. 20 அங்குலக் குழலோடு அலாஸ்காக் கரடி வழிகாட்டிகளை மனத்தில் வைத்து அதற்கு ரைபிளும் வந்தது. குழலை வெட்டினால் அங்குலத்துக்கு ஏழெட்டு மீட்டர் வேகம் போகும், வெடிச்சத்தம் காதைக் கிழிக்கும், தோள்பட்டை வீங்கும் என்பதையும் அண்ணாச்சியே ஒப்புக்கொள்வார். தோள்பட்டை வீங்கியவர் மாதிரியே ஒப்புக்கொள்வார்.

எல்லாம் சரி. எந்த மிருகத்துக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் ஓய்வுபெற்ற வனத்துறை ஊழியர், கடையில் எல்லாருக்கும் ‘ஃபாரஸ்ட் மாமா’. தினமும் சாயங்காலம் டீயோடு வந்து பழைய சாக்கு மூட்டைமேல் உட்காருவார். அந்தமானில் புலி கிடையாது, கரடி கிடையாது, காட்டெருமை கிடையாது. புள்ளிமானே வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டதுதான். முன்னாள் ராஸ் தீவில் அது சுற்றுலாப் பயணியின் கையிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்கிறது, அதைச் சுட .375 எதற்கு, பிஸ்கட் டப்பாவை மூடினால் போதும். மான் பெருகிவிட்டதென்று 1950களில் நடு அந்தமானில் சிறுத்தைகளை இறக்கினார்கள், அவை வேரூன்றவில்லை. “விட்டது ரெண்டும் பொட்டைங்க, அண்ணாச்சி. அப்புறம் எங்கேருந்து குட்டி போடும்?” என்று மாமா கேட்பார். மாமா சொன்னால் ஆவணம் தேட வேண்டாம் என்பது கடைத்தெருத் தீர்ப்பு.

யானை உண்டு. இன்டர்வியூ தீவில் மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகளை, கம்பெனி நொடித்ததும் 1962 வாக்கில் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அவை காட்டு யானைகளாகிவிட்டன. சம்பளம் வராத வேலைக்காரர்கள்மேல் துப்பாக்கி நீட்டுவது அண்ணாச்சிக்கே நியாயமாகப் படவில்லை, அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஆப்பிரிக்க விலங்குதான் வேண்டுமென்றால் அதுவும் இங்கே இருக்கிறது: ஆப்பிரிக்கப் பெருநத்தை. ஜப்பான்காரன் காலத்தில் வந்ததாகச் சொல்வார்கள். மழை விட்ட ராத்திரியில் அண்ணாச்சி வீட்டுப் பூசணிக் கொடியை மொட்டையடித்துவிட்டுப் போகும். ஆச்சி உப்புப் பொட்டலத்தோடு டார்ச் அடித்துக்கொண்டு வேட்டைக்கு இறங்குவார். அண்ணாச்சி வாசற்படியில் நின்று திசை சொல்வார்.

ஆகக் கடைசியில் மிஞ்சுவது உவர்நீர் முதலை. அது கதையில்லை. கார்பின்ஸ் கோவ் கடற்கரையிலும் வாண்டூரிலும் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. மனிதர்களை அது கொன்றிருக்கிறது. ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது புலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தொட்டால் சிறை. தொந்தரவு கொடுக்கும் முதலையை வனத்துறை இரை வைத்துக் கூண்டில் பிடிக்கும், கயிறு போட்டு வாயைக் கட்டும். “சுட்டேன்னே வச்சுக்குங்க,” என்பார் மாமா. “மூளை அவ்வளவூண்டு. தப்புனா அது தண்ணிக்குள்ள போயிரும், சரியாப் பட்டாலும் தண்ணிக்குள்ள முங்கிரும். ரெண்டுக்கும் நீங்க கரையில நிக்க வேண்டியதுதான்.”

அண்ணாச்சி நூலுக்குத் தாவுவார். அவருடைய அலமாரியில் வேட்டைக் கதை எழுதிய ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காடுகளில் அலைந்த ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர், நெம்புகோல் ரைபிள். அண்ணாச்சிக்கு அது குலதெய்வம். கார்பெட் பக்கம்தான் சிக்கல். அவருக்குப் பேர் வாங்கித் தந்த .275 ரிக்பி, அண்ணாச்சியின் கணக்கில் கொசு அடிக்கிற சாமான். அதே அளவுத் தோட்டாவை வைத்துத்தான் ‘கரமோஜோ’ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் ஏராளமான யானைகளை வீழ்த்தினார், மூளை எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொண்டு. இதைச் சொன்னால் அண்ணாச்சி, “அவன் அதிர்ஷ்டக்காரன்” என்பார். நூற்றுக்கணக்கான யானை வரைக்கும் நீண்ட அதிர்ஷ்டம்.

இன்னொன்றையும் மாமா எடுத்துவிடுவார். 436 பேரைத் தின்றதாகக் கணக்குச் சொல்லப்பட்ட சம்பாவத் புலியை 1907இல் கார்பெட் துரத்தியபோது கையில் இருந்தது மூன்றே தோட்டா. அவை தீர்ந்ததும் தாசில்தாரின் துப்பாக்கியை ஓடிப்போய் வாங்கினார். அது குழலுக்கும் பின்னடைப்புக்கும் நடுவே வாய் பிளந்து நின்ற பழைய சாமான். வாயைக் குறிவைத்துச் சுட்டார், குண்டு பாதத்தில் பட்டது. புலி செத்தது. ரிக்பி ரைபிள் அதற்குப் பிறகு வந்த பரிசு. “அப்போ புலியைக் கொன்னது தாசில்தார் ஆபீஸ் துப்பாக்கி. அதுக்கு என்ன நம்பர், அண்ணாச்சி?” அன்றைக்கு மாமாவுக்கு டீ வரவில்லை.

சரி, ஆசைக்கு ஒன்று வாங்கலாமே என்றால், அங்கேயும் சுவர். தனி ஆள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய 1980களிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். 2007இல் பிறந்த தோட்டாவுக்கு இங்கே ரைபிள் எப்படி வரும்? சட்டப்படி கிடைப்பது கொல்கத்தா பக்கத்து இச்சாப்பூர் தொழிற்சாலையின் .315 ஸ்போர்ட்டிங் ரைபிள். அதன் தோட்டா, ஆஸ்திரியப் பட்டாளத்தின் பழைய மான்லிக்கர் வம்சம். வெள்ளைக்காரன் தன் ராணுவத் தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக் கூடாதென்று ஒதுக்கிய அளவு அது. அண்ணாச்சி அதன் பேரைச் சொல்லும்போதே முகம் சுளிப்பார். “வங்கி வாசல்ல வாட்ச்மேன் வச்சிருக்கது, வே!” அதற்கும் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, காரணம் என்று ஒரு கட்டம். காரணக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, படிவத்தை அலமாரியில் ஆண்டர்சனுக்கும் கார்பெட்டுக்கும் நடுவே சொருகி வைத்திருக்கிறார்.

போன மழைக்காலத்தில் கப்பல் தாமதமான ஒரு நாள், கார் நிகோபார்க்காரர் ஒருவர் அரம் வாங்க வந்தார். பன்றி வேட்டை ஈட்டியைத் தீட்டுவதற்கு. நிகோபார்ப் பழங்குடியினரின் வேட்டை உரிமையை வனவிலங்குச் சட்டம் தன் 65ஆம் பிரிவிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்தக் கடைக்குள் சட்டப்படி வேட்டைக்காரர் என்று சொல்லத்தக்கவர் அன்றுவரை வந்ததில்லை. அண்ணாச்சிக்குக் கை பரபரத்தது. இரண்டு குழாய்களும் வெளியே வந்தன. டப்பா இடிபட்டது. 1912 வந்தது, 2007 வந்தது, அலாஸ்கா வந்தது. எல்லாம் அந்தமான் இந்தியில்.

நிகோபார்க்காரர் முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்: “பன்றியைச் சுட்ட பிறகு அந்தக் குண்டைத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளலாமா?”

“அதெப்படி? போனது போனதுதான்.”

“அப்போ ஒவ்வொரு பன்றிக்கும் புதுசா வாங்கணுமா?”

அண்ணாச்சி வாயைத் திறந்தார், மூடினார். இருபது வருஷமாகத் தோட்டாவைப் பற்றிப் பேசி வருகிறார், ஒரு முறை விற்றால் வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வந்தே தீர வேண்டிய சரக்கு அது என்ற எண்ணம் அந்த நிமிடம்தான் கல்லாவிலிருந்து தலைக்கு ஏறியது. கண்ணில் ஒரு வெளிச்சம். ஆனால் அரம் அப்படியில்லையே! ஒன்று வாங்கினால் பத்து வருஷத்துக்குப் பிறகுதான் மறுபடி வருவான்.

“பெரியது தேய ரொம்ப நாளாகும். சின்ன அரம் எடுத்துக்குங்க,” என்றார். “ரெண்டாப் போடவா?”