டத்தோ கிராமாட்டில் லினக்ஸ் பற்றிய கருத்துகள்: அளவை நூல் வழி ஓர் ஆராய்ச்சி

மேசைக் கணினிக்கு லினக்ஸ் நல்லதா கெட்டதா என்பது இவ்வாய்வின் கேள்வி அன்று. அதற்கு விடை சொல்ல ஊரில் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்கள்தாம் இங்கே ஆய்வுப்பொருள். லினக்ஸ் பற்றிய கருத்து எங்கே முளைக்கிறது, எதைத் தின்று வளர்கிறது, ஏன் சாகவே மாட்டேன் என்கிறது என்பதைப் பினாங்குத் தீவின் டத்தோ கிராமாட் வட்டாரத்தை வைத்து ஆராய்வதே நோக்கம்.

களத்தின் எல்லை வருமாறு: ஒரு பக்கம் கொம்தார் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் மெக்கசின் சாலை முனை, மறுபக்கம், சாலை தன் பெயரை விட்டுக்கொடுத்து ஆயர் ஈத்தாம் சாலையாகிவிடும் இடம். இடையே பாடாங் பிரவுன் ஒட்டுக்கடைகளும், டைம்ஸ் ஸ்குவேரும், மாமாக் கடைகளும் உள்ளன. தரவுகள் பெரும்பாலும் தே தாரிக் ஆறும் நேரத்தில் திரட்டப்பட்டன. ஆறிய பின் சொல்லப்பட்டவை சேர்க்கப்படவில்லை. அதற்குள் பேச்சு காற்பந்துக்குப் போய்விடும். தகவலாளர் பெயர் எதுவும் தரப்படவில்லை. தந்தால் மறுநாள் அதே கடையில் போய் உட்கார முடியாது.

புள்ளிவிவர முறையும் கைவிடப்பட்டது. உலகத்து மேசைக் கணினிகளில் லினக்ஸின் பங்கு 2024 பிப்ரவரியில் 4 விழுக்காட்டைத் தாண்டியதாக ஸ்டேட்கவுண்டர் கணக்குக் காட்டியது. இதை மேசையில் வாசித்துக் காட்டியதும், லினக்ஸ் அன்பர் ஒருவர் "பாத்தீங்களா, நாலு!" என்றார். எதிரே இருந்தவர் "பாத்தீங்களா, நாலுதான்!" என்றார். இரு தரப்புக்கும் வெற்றி தருகிற எண்ணை வைத்து என்ன ஆராய்ச்சி செய்வது? ஆகவே பழைய வழிக்கே திரும்பினோம். சைவ நூலான சிவஞான சித்தியார் அறிவு வரும் வழிகளை, அதாவது அளவைகளை, காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குகிறது. கண்டறிவது, ஊகித்தறிவது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டறிவது. பிறர் கொள்கையைப் பரபக்கத்தில் மறுத்துவிட்டுத் தன் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவுவது அந்நூலின் அமைப்பு. இரண்டையும் எடுத்துக்கொள்கிறோம். அதை எழுதிய அருணந்தி சிவாசாரியார் பொறுத்தருள்க.

பரபக்கம்

முதலில் உரை அளவை. இவ்வட்டாரத்தில் லினக்ஸ் பற்றிய அறிவு ஏறக்குறைய முழுவதும் இவ்வழியாகவே வருகிறது. "நம்பத்தக்கவர்" யார் என்று நூல்கள் நெடுக விவாதிக்கின்றன. இங்கே அந்த விவாதத்துக்கு இடமே இல்லை. நம்பத்தக்கவர் மச்சான். அவர் பாயான் லெப்பாசில் வேலை செய்கிறார்.

இதை விளங்கிக்கொள்ள 1972க்குப் போக வேண்டும். லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்த காலத்தில் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் அமைந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் அங்கேதான் தொடங்கியது. அதே ஆண்டில் ஏஎம்டியும் வந்தது. 1975இல் இன்டெல் ஆலை தீக்கிரையாகி மறுபடி எழுந்தது. நுண்ணோக்கியில் கண் வைத்துச் சில்லுகளைச் சோதித்தவர்களில் தோட்டப்புறங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் உண்டு. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இந்தச் சாலையோரத்து அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். இன்டெலா ஏஎம்டியா என்பது மற்ற ஊர்களில் விலையும் வேகமும் பார்த்து எடுக்கிற முடிவு. இங்கே அது சம்பந்தி விவகாரம். பெரியம்மா இன்டெலில் ஓய்வு பெற்றவர் என்றால் அந்த வீட்டு வாசலுக்குள் ஏஎம்டியின் ரைசன் நுழைவது கடினம். நுழைந்தாலும் பெரியம்மாவுக்குத் தெரியாமல்தான் இருக்கும். ஏஎம்டி தன் பினாங்கு ஆலையின் 85 விழுக்காட்டை 2016இல் ஒரு சீன நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அது தெரிந்தும் "நம்ம ஏஎம்டி" என்றே சொல்லும் மாமாக்கள் உண்டு. கட்டிக்கொடுத்த பெண் நம் பெண் இல்லாமல் போய்விடுமா?

இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. கணினியின் உள்ளே இருக்கும் சில்லைச் சோதித்த கைகளுக்கு மென்பொருள் பற்றியும் அதிகாரம் வந்துவிடுகிறது. மச்சான் பார்ப்பது சில்லின் பொதிவுச் சோதனை. லினக்ஸ் கருவத்தை (கெர்னலை) அவர் தொட்டதே இல்லை. இருந்தாலும், "லினக்ஸ்லாம் சர்வருக்குத்தான் லா, வீட்டுக்கு ஒத்துவராது" என்று அவர் சொன்னால் மேசையில் மறுபேச்சு கிடையாது. பாயான் லெப்பாஸ் பாஸ் அட்டை கழுத்தில் தொங்கும்போது சொன்னது என்றால் அது ஆகமம்.

உரை அளவைக்கு இன்னொரு குணம் உண்டு. அது தேதி போடாமல் வருகிறது. ஆனால் கல்வெட்டின் எழுத்தைப் பார்த்துக் காலம் சொல்வதுபோல, கருத்தின் வாசகத்தைப் பார்த்து அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். "உபுண்டு சிடி வீட்டுக்கே இலவசமா வரும்" என்பவரின் அறிவு 2011க்கு முந்தியது. அந்த ஆண்டில் அந்தச் சேவை நின்றுவிட்டது. "வைஃபை வரணும்னா விண்டோஸ் டிரைவரைப் பிடிச்சு உள்ள போடணும்" என்பவர், அப்படிப் போட உதவிய என்டிஸ்ராப்பரின் காலத்தில் நிற்கிறார். "என்விடியா கார்டா? அப்ப லினக்ஸை மறந்துடு" என்பதற்கு மூலவாக்கியமே உண்டு. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தை நோக்கி மேடையிலேயே நடுவிரலைக் காட்டினார். விரல் உலகம் முழுதும் பரவியது. அந்நிறுவனம் 2022 மே மாதத்தில் தன் கருவக் கூறுகளின் மூலநிரலைத் திறந்து வெளியிட்ட செய்தி கொம்தாரைக் கூடத் தாண்டவில்லை. "பார்ட்டிஷன் போடும்போது கல்யாணப் படமெல்லாம் போச்சு" என்னும் கருத்துக்கு மட்டும் காலம் கணிக்க முடியவில்லை. அது அநாதி.

அடுத்தது கருதல் அளவை. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது இதன் மரபுவழி எடுத்துக்காட்டு. இங்கே வழங்கும் ஊகம்: "இலவசமா குடுக்கறான்னா ஏதோ குறை இருக்கு." இதை மறுப்பதற்கு முன் இதன் பொருளாதாரத்தைக் கவனிக்க வேண்டும். பாசார் மாலாமில் விண்டோஸின் கள்ளப் பிரதி ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அதைக் கட்டுப்படுத்தவே மலேசியா 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் கொண்டுவந்தது. லினக்ஸின் விலையில்லாமை அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான டாலர் மிச்சம். இங்கே ஒரு தட்டு நாசி கண்டார் மிச்சம். ஒரு தட்டு நாசி கண்டாருக்காக எவன் தன் கேம்களையெல்லாம் கைவிடுவான்? இலவசம் என்னும் வாதம் இத்தீவில் தோற்றதற்குக் காரணம் லினக்ஸின் குறை அன்று, போட்டியாளர் அதைவிட மலிவாகக் கிடைத்ததே. அரசாங்கம் மட்டும் முழு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2004இல் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்ததும் அரசாங்கம்தான்.

தமிழ்நாட்டிலும் இந்த ஊகம் வேறு வேடத்தில் உலவியது. 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸை அழித்து அந்த இடத்தைச் சினிமாப் படங்களுக்குக் கொடுத்தவர்கள் பலர். மடிக்கணினியே இலவசமாக வந்தபோது அதிலிருந்த ஒன்று மட்டும் இலவசம் என்பதால் மதிப்பிழந்தது தர்க்க நூலார் ஆராய வேண்டிய செய்தி.

கேம் வாதத்துக்குத் தனி இடம் தர வேண்டும், ஏனென்றால் பரபக்கத்தில் உண்மையான பலம் உள்ளது இது ஒன்றுதான். மலேசிய இளைஞரின் தாய்மொழிகளில் ஒன்றான டோட்டா 2 லினக்ஸில் 2013 முதல் நேராகவே ஓடுகிறது. 2018இல் வால்வ் நிறுவனம் புரோட்டான் என்னும் இடைப்பொருளை வெளியிட்டது. விண்டோஸுக்காக எழுதிய கேம் அதன் வழியாக, தான் இடம் மாறியதே தெரியாமல் லினக்ஸில் ஓடும். 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் கைக்கருவியின் உள்ளே இருப்பதும் லினக்ஸ்தான். இவ்வளவையும் எடுத்துச் சொன்னால் தம்பி பொறுமையாகக் கேட்பான். கேட்டுவிட்டு, "வாலரண்ட் ஓடுமா அண்ணே?" என்பான். ஓடாது. அதன் வேன்கார்ட் என்னும் ஏமாற்றுத் தடுப்பு விண்டோஸின் கருவத்திலேயே வேர்விட்டு உட்காருவது; அதற்கு லினக்ஸ் வடிவம் இல்லை. 2024இல் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸுக்கும் அதே பூட்டு வந்தது. ஃபோர்ட்நைட்டும் லினக்ஸில் ஓடாது. ஓடும் கேம்களின் பட்டியல் எவ்வளவு நீண்டாலும், கேட்பவன் விளையாடுவது எப்போதும் பட்டியலில் இல்லாத அந்த ஒன்றாகவே இருக்கும். இதை இவ்வாய்வு "ஒற்றைக் கேம் கோட்பாடு" என்று அழைக்கிறது. இதற்கு மறுப்பு இதுவரை கிடைக்கவில்லை.

ஒரு தடை எழலாம். "லினக்ஸை யாரும் பயன்படுத்துவதில்லை" என்று மேசையைத் தட்டிச் சொல்பவரின் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் லினக்ஸ் கருவம் ஓடுகிறதே, வீட்டு வைஃபை பெட்டிகளிலும் கேமராப் படங்களைப் பதிவு செய்யும் கருவிகளிலும் பெரும்பாலானவற்றில் அதுதானே இருக்கிறது என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. ஆனால் இவ்வாய்வு மேசைக் கணினியை மட்டுமே எடுத்துக்கொண்டதால் அது எல்லைக்குப் புறம்பானது என்று தள்ளப்படுகிறது. அல்லாமலும், அதை ஒத்துக்கொண்டால் ஆய்வு இத்துடன் முடிந்துவிடும்.

சுபக்கம்

லினக்ஸ் அன்பர்களின் கருத்தையும் ஆராய்ந்தால்தான் நடுநிலை. இவர்கள் விண்டோஸ்காரர்களோடு சண்டை போடுவது அபூர்வம்; தங்களுக்குள் போட்டு முடிக்கவே நேரம் போதவில்லை. உபுண்டுவா மின்ட்டா, ஸ்னாப்பா பிளாட்பேக்கா, 1987இல் பிறந்த திரைக்காட்சி முறையான எக்ஸ்11 சாகலாமா, அதன் இடத்துக்கு வேலண்ட் வரலாமா. இத்தகைய சண்டை ஊருக்குப் புதிதன்று. ஜார்ஜ் டவுனில் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதத்தோடு 2017 முதல் தங்க ரதமும் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. எது முந்திப் போக வேண்டும் என்று பேசித் தீராதவர்கள் ஒரு பக்கம் இருக்க, தெருவில் தேங்காய் உடைக்க நிற்கிறவர் இரண்டு ரதத்துக்கும் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். லினக்ஸிலும் அப்படித் தேங்காய் உடைப்பவர்கள் உண்டு. அவர்களைத் தேடிப் போனதில்தான் இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு கிடைத்தது.

காண்டல் அளவைக்கு உரிய தகவலாளர் ஒருவர், தமிழ்ப்பள்ளியில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். அவரது மடிக்கணினி ஏழாம் தலைமுறை இன்டெல் சில்லு கொண்டது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. எட்டு மைல் தூரத்துப் பாயான் லெப்பாசில் ஒருவேளை பெரியம்மாவே தேர்ச்சி முத்திரை கொடுத்திருக்கக்கூடிய சில்லு, அமெரிக்காவில் தேர்வெழுதித் தோற்றுவிட்டது. பழுது பார்க்கும் கடைக்காரர், "புதுசு வாங்க தாக் பாயா லா சிகு, வேண்டாம்" என்று சொல்லி லினக்ஸ் மின்ட்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஆசிரியர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "தமிழ் அடிக்க வருமா?" மலேசியத் தமிழாசிரியர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி அது. முத்து நெடுமாறன் 1985இல் தமிழ் உள்ளிடும் மென்பொருளான முரசு அஞ்சலை உருவாக்கியது இந்நாட்டில்தான். ஒரு தலைமுறை ஆசிரியர்கள் கணினி என்றாலே அஞ்சல் என்று பழகியவர்கள். இவர் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறியிருந்தார். 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட அந்த விசைப்பலகை லினக்ஸின் ஐபஸ் உள்ளீட்டில் கிடைக்கிறது. பக்கத்திலேயே ஒலிபெயர்ப்பு முறையும், பழைய தட்டச்சு முறையும், இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கின்றன. வந்தது. அடித்தார்.

அவரிடம் லினக்ஸ் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஏன், என்ன ஆச்சு?" என்றார். வேலண்ட் பற்றிக் கேட்டதற்கு, அது எந்த நாடு என்றார்.

கண்டவரிடம் கருத்து இல்லை. கருத்து உள்ளவர் கண்டதில்லை. லினக்ஸ் பற்றிய கருத்தின் உரப்பு, அதைப் பயன்படுத்திய காலத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது என்பதே இவ்வாய்வு நிறுவும் விதி. புறனடை ஒன்று உண்டு: ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்துபவர். இவர் அன்றாடம் பயன்படுத்துகிறார், அன்றாடம் சொல்லவும் செய்கிறார், யாரும் கேட்காதபோதே சொல்கிறார். இவரை எந்த அளவையில் அடக்குவது என்று தெரியவில்லை. சைவ நூல்களும் உதவவில்லை.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். விண்டோஸ் 10இல் நின்றுபோன மடிக்கணினி வீட்டில் இருந்தால் எறிந்துவிட வேண்டாம். எட்டு ஜிபி யூஎஸ்பி ஒன்றில் மின்ட்டை ஏற்றி, உள்ளே எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றையும் அப்போதே சோதித்துவிடலாம். கல்யாணப் படங்களை அதற்கு முன்பே வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். வாலரண்ட் விளையாடுபவர்கள் இந்தச் சிரமம் எதுவும் பட வேண்டியதில்லை.