வீட்டைப் பார்த்தே சொல்லலாமா?

கேள்வி: பழைய வீட்டைப் பார்த்ததுமே, "இது இன்ன பாணி" என்று சிலர் சொல்லிவிடுகிறார்களே, எப்படி?
(ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: ஜாதகம் பார்ப்பதைவிட எளிது. பலிக்கவும் செய்யும்!

முதலில் சுவரைப் பாருங்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அகலம் கொஞ்சம், நீளம் ரயில் மாதிரி என்றால் அக்ரகார வீடு. கல்லிடைக்குறிச்சியில் பார்க்கலாம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் கடந்து கொல்லைக்குப் போவதற்குள் கையிலிருக்கும் காபி ஆறிவிடும்.

வீட்டுக்காரர் ஹாலைப் 'பட்டாசல்' என்றும், முன்பகுதியைத் 'தார்சா' என்றும் சொன்னால் அது அசல் நெல்லை வீடு. ஒரே வாசலுக்குள் பல குடும்பங்கள் என்றால் 'வளவு'. அங்கே ரகசியம் மட்டும் குடியிருக்க முடியாது.

அடுத்து, தலையை நிமிர்த்துங்கள். தேக்குக் கட்டைகள் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். நம்மூரில் மட்டப்பா. சரிந்த ஓட்டுக்கூரை என்றால், கழற்றிய ஓடு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பல ஓடுகளில் செய்த கம்பெனியின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். வீட்டின் வயதை ஊகிக்க அது ஒரு துப்பு.

செங்கோட்டைப் பக்கம் கேரளச் சாயல் தெரிந்தால் திகைக்காதீர்கள். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எல்லைக்கோடு மாறியது, சாரல் மாறவில்லை, கூரையும் மாறவில்லை.

இன்றைய பாணியா? திண்ணை இருந்த இடத்தில் கார் நிற்கும். அவ்வளவுதான் அடையாளம்!